மெல்லிய தகட்டில் கவுண்ட்டர்சிங்க் துளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறையில் சிஎஸ்கே ஸ்க்ரூ என்று சொல்கிறோமே, அந்தக் கூம்புத் தலை ஸ்க்ரூ மேலே துருத்தாமல் தகட்டோடு தகடாகப் படுக்க வேண்டும் என்பதற்காகத் துளையின் வாயைக் கூம்பாக வெட்டுவதுதான் கவுண்ட்டர்சிங்க். நாலைந்து மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகட்டில் இது பெரிய வேலையே இல்லை. 1 மி.மீ., 1.5 மி.மீ. தகட்டுக்கு வரும்போதுதான் துளை முக்கோணமாகிறது, கூம்பு பூவிதழ் மாதிரி வரிவரியாக வருகிறது, ஒரு ஸ்க்ரூ மேலே நிற்கிறது, பக்கத்து ஸ்க்ரூ உள்ளே விழுகிறது. இப்படி வீணாக்கிய தகடுகளை வைத்துக்கொண்டு பலர் கேட்ட கேள்விகள் இவை. சில கேள்விகள் நானே என்னைக் கேட்டுக்கொண்டவை.

என் தகட்டுக்கு இந்த ஸ்க்ரூ சரிப்படுமா? முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

ட்ரில்லைத் தொடும் முன் வெர்னியரை எடுங்கள். ஸ்க்ரூ தலையின் உயரத்தையும் தகட்டின் தடிமனையும் அளந்து பாருங்கள். தலையின் உயரம் தகட்டின் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்குள் இருந்தால் நிம்மதி. அப்போதுதான் கூம்புக்குக் கீழே கொஞ்சமாவது நேர்ச்சுவர் மிஞ்சும்.

கணக்கு எளிது. 90 பாகைக் கூம்பில் ஆழம் எவ்வளவு கூடுகிறதோ, வாயின் விட்டம் அதைப்போல் இரு மடங்கு கூடும். அதாவது கூம்பின் ஆழம் என்பது வாய் விட்டத்திலிருந்து துளை விட்டத்தைக் கழித்து வரும் மிச்சத்தில் பாதி.

எம்3, அதாவது 3 மி.மீ. மரை விட்டம் உள்ள, பிலிப்ஸ் தலை (பிளஸ் வெட்டு) சிஎஸ்கே ஸ்க்ரூவை எடுத்துக்கொள்வோம். தலை உயரம் 1.65 மி.மீ. அது தகட்டோடு சமமாக உட்கார வாய் 6.3 மி.மீ. இருக்க வேண்டும். துளை 3.2 என்றால் கூம்பின் ஆழம் 1.55. தகடு 2 மி.மீ. என்றால் கீழே 0.45 நேர்ச்சுவர் மிஞ்சுகிறது, நன்றாக உட்காரும். தகடு 1.5 என்றால் கூம்பு முழுத் தடிமனையும் தின்றுவிட்டு, அடியில் துளை 3.3 ஆகிக் கத்தி முனைபோல் ஒரு விளிம்பு நிற்கும். தகடு 1 மி.மீ. என்றால் அடியில் துளை 4.3 ஆகிவிடும். 3.2 போட்ட துளை 4.3 ஆனால் அது துளையே இல்லை, ஜன்னல். ஸ்க்ரூவை முறுக்க முறுக்க அந்தக் கத்தி விளிம்பு மடங்கிக்கொண்டே போகும், பிடிப்பு வரவே வராது.

அதனால் 2 மி.மீ. தகட்டுக்கு எம்3, 1.5 தகட்டுக்கு எம்2 என்று நான் மனதில் வைத்திருக்கிறேன். எம்2-இன் தலை உயரம் 1.2 தான். அதற்கும் கீழே போனால் வெட்டுவதை மறந்துவிட்டு அழுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

எம்3 தலையை அளந்தால் 5.5 மி.மீ. தானே வருகிறது? 6.3 எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி. பாதிப் பேருக்கு ஸ்க்ரூ மேலே நிற்பதன் காரணமே இதுதான். ஸ்க்ரூ தலையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். கூம்பு மேலே கூர்மையாக முடிவதில்லை. உச்சியில் நாணயத்தின் ஓரம்போல ஒரு சின்ன நேர் விளிம்பு இருக்கும், எம்3-இல் ஏறக்குறைய 0.4 மி.மீ. கூம்பை அந்த விளிம்பையும் தாண்டி மேலே நீட்டிக் கற்பனை செய்தால் தலையின் மேல்தளத்தில் வரும் விட்டம்தான் 6.3. நீங்கள் வாயை 5.5 வெட்டினால் கூம்புகள் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அந்த 0.4 விளிம்பு முழுசாக வெளியே நிற்கும்.

முழுச் சமம் வேண்டுமானால் தலையைச் சுற்றி மெல்லிய வளையம்போல் ஒரு பள்ளம் தெரிவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானமும் உண்டு: வாயை 6 வரை வெட்டினால் தலை 0.15 தான் மேலே நிற்கும். விரலால் தடவினால் தெரியும், பார்வைக்குத் தெரியாது. ஆறுமூலைக் குழி உள்ள ஆலன் சாவித் தலை எம்3 வாங்கினால் அதன் தலையே 6 மி.மீ. பக்கம் இருக்கும், ஆகவே கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

ஸ்க்ரூவைத் தலைகீழாக வாயில் கவிழ்த்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும் என்கிறார்களே?

தெரியும், ஆனால் அரைகுறையாக. தலையைக் கவிழ்த்து வைத்து, அதன் ஓரமும் வாயின் ஓரமும் ஒன்றாக இருந்தால் வாய் 5.5 ஆகிவிட்டது என்று பொருள். மேலே சொன்ன விளிம்புக் கணக்கைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் போக வேண்டும். கவிழ்த்த தலை வாய்க்குள் லேசாக விழுந்து பக்கவாட்டில் ஆடினால் கிட்டத்தட்ட சரி. நான் இதை நிறுத்தும் அறிகுறியாக வைத்துக்கொள்வதில்லை, எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்கிறேன். இந்த நிலை வந்ததும் மோட்டாரை அணைத்துவிட்டு, மீதியை ஸ்க்ரூவை நேராகப் போட்டுப் பார்த்துப் பார்த்து எடுப்பேன்.

90 பாகை, 82 பாகை, 100 பாகை என்று பிட் இருக்கிறது. எது?

மில்லிமீட்டர் ஸ்க்ரூ என்றால் 90. அமெரிக்க அங்குல ஸ்க்ரூ என்றால் 82. விமானத் தகடுகளில் வரும் ரிவெட், ஸ்க்ரூக்களுக்கு 100. மெல்லிய தகட்டுக்கு அகலக் கோணம் ஏன் என்றால், அதே தலை விட்டத்துக்குக் கூம்பின் ஆழம் குறைகிறது.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 82 பாகைத் தலையை 90 பாகைக் குழியில் போட்டால் தலை அடிப்பக்கம் மட்டும் தொடும், அதாவது தகடு ரொம்ப மெலிந்திருக்கும் இடத்தில். 90 பாகைத் தலையை 82 பாகைக் குழியில் போட்டால் மேல் ஓரத்தில் மட்டும் தொடும். அலுமினியமாக இருந்தால் முறுக்கும்போது அந்த ஓரம் நசுங்கி வரப்பு மாதிரி எழும். சந்தேகம் இருந்தால் குழியில் மார்க்கர் பேனா மையைப் பூசி, ஸ்க்ரூவைப் போட்டு அரைச் சுற்று திருப்பி எடுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூம்பு இருக்கட்டும், எனக்குத் துளையே வட்டமாக வரவில்லை. முக்கோணமாக வருகிறது.

சாதாரண ட்ரில் பிட்டின் முனைக் கூம்புக்கு ஒரு உயரம் உண்டு. 118 பாகை முனையில் அது பிட் விட்டத்தில் சுமார் 0.3 பங்கு. 3.2 பிட்டுக்கு ஏறக்குறைய 1 மி.மீ., 6 மி.மீ. பிட்டுக்கு 1.8. தகடு இதைவிட மெல்லியதாக இருந்தால், பிட்டின் பக்கச் சுவர் துளைக்குள் நுழைந்து நிதானம் பெறும் முன்பே முனை மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறது. பிடிமானம் இல்லாத பிட் சுற்றிக்கொண்டே தள்ளாடும். தள்ளாட்டத்தின் வடிவம்தான் அந்த முக்கோணம்.

கவுண்ட்டர்சிங்க் பிட் இந்தத் துளையைத்தான் வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு சுற்றப் போகிறது. முக்கோணத் துளையில் வட்டக் கூம்பு வராது. ஆகவே துளையைச் சரிசெய்யாமல் கவுண்ட்டர்சிங்க் பிட்டைத் திட்டிப் பயனில்லை.

வழிகள் பல. படிப்படியாக அகலும் ஸ்டெப் ட்ரில் மெல்லிய தகட்டுக்கென்றே பிறந்தது மாதிரி, வட்டத் துளை தரும். ஆனால் அடுத்த படி துளையின் வாயைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் சின்ன ஊசியும் ஓரத்தில் இரண்டு கொம்பும் உள்ள தகடு வெட்டும் பிட்டும் நல்லது. எதுவும் இல்லையா? தகட்டை இரண்டு கட்டைகளுக்கு நடுவே சாண்ட்விச்சாக இறுக்கி, மேல் கட்டை வழியாகவே ட்ரில் போடுங்கள். மேல் கட்டை பிட்டின் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், கீழ்க் கட்டை முனையைத் தாங்கும். அப்புறம் 3.2 துளைக்கு முதலில் 3 போட்டு, ரீமரால் (துளையைச் சீராகச் சீவும் கருவி) விரிப்பதும் உண்டு. அவசரமில்லாத வேலைக்கு அதுதான் எனக்குப் பிடித்தது.

கூம்பில் அலை அலையாக வரி விழுகிறது. கிர்ர்ர் என்று சத்தமும் வருகிறது.

இதற்குப் பெயர் சாட்டர், அதிர்வு. எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெட்டும் விளிம்பு உலோகத்தில் கடிக்கிறது, தகடோ பிட்டோ மெஷினோ கொஞ்சம் வளைகிறது, வளைந்தது விடுபட்டுத் திரும்பி வருகிறது, மறுபடி கடிக்கிறது. ஒரு சுற்றில் விழுந்த மேடு அடுத்த சுற்றில் அடுத்த விளிம்பைத் தூக்கிவிடுகிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். மெல்லிய தகடு பறை மாதிரி அதிரக்கூடியது என்பதால் சட்டென்று தொடங்கும்.

தூளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சரியாக வெட்டும்போது மெல்லிய, சுருண்ட இழை வரும். வெட்டுச் சத்தமும் காகிதத்தைக் கத்தரிப்பது போலத் தொடர்ச்சியாக இருக்கும். சாட்டர் வந்தால் இழை நொறுங்கித் துணுக்குகளாகவும் தூசியாகவும் விழும். கூம்பில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று இதழ்கள் தெரியும்.

முதல் மருந்து, தகட்டுக்குப் பின்னால் தாங்கல். பின்னால் காற்று இருந்தால் சாட்டர் நிச்சயம். கெட்டியான மரக்கட்டையோ தடித்த அலுமினியக் கட்டையோ வைத்து, துளைக்கு மிக அருகில் கிளாம்ப் போடுங்கள். தகட்டின் நான்கு மூலையில் கிளாம்ப் போட்டுவிட்டு நடுவில் துளை போட்டால் கிளாம்ப் போட்டதாகவே ஆகாது.

இரண்டாவது, வேகத்தைக் குறையுங்கள். மூன்றாவது, தயங்கித் தயங்கி அழுத்தாதீர்கள். பயந்து லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் பிட் வெட்டாமல் உரசும், உரசினால் அதிரும். உறுதியாக, ஒரே சீராக அழுத்தி, ஆழம் வந்ததும் சட்டென்று தூக்குங்கள்.

இதற்குமேலும் வரி இருந்தால் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. மோட்டாரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பிட்டுக்கும் குழிக்கும் நடுவே நாலாக மடித்த ஒரு சின்னத் துணித் துண்டை வைத்து, பிட்டைப் பிடித்திருக்கும் சக்கைக் கையாலேயே திருப்புங்கள். துணி அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும், பிட் மேட்டை மட்டும் சீவும். முதல்முறை செய்தபோது எனக்கே நம்பிக்கையில்லை. நாலு சுற்றில் இதழ்கள் மறைந்து மழுமழுவென்று ஆனது. மோட்டாரை ஓட்டிக்கொண்டு இதைச் செய்பவர்களும் உண்டு, நான் செய்ய மாட்டேன். துணி நூல் சக்கில் சிக்கினால் விரலும் கூடவே போகும்.

வேகம் எவ்வளவு வைக்கலாம்?

அதே விட்டத்து ட்ரில் பிட்டுக்கு வைக்கும் வேகத்தில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ. 6 மி.மீ. வாய்க்கு, ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்டில், இரும்புத் தகடு என்றால் நிமிடத்துக்கு 300 சுற்றுப் பக்கம் தொடங்குங்கள். அலுமினியத்துக்கு 500 முதல் 800 வரை போகலாம். ஸ்டெயின்லெஸ் என்றால் 150, 200. உங்கள் மெஷினின் ஆகக் குறைந்த வேகமே 500 தான் என்றால் இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் கடைசிப் பகுதியைக் கையால் திருப்பி முடிப்பது மேல்.

இரும்புக்குக் கட்டிங் ஆயில் ஒரு சொட்டு, அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் ஒரு சொட்டு. எண்ணெய் இல்லாத அலுமினியத் தூள் வெட்டு விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிட் அலுமினியத்தாலேயே அலுமினியத்தை உழும்.

எந்த பிட் வாங்கலாம்?

ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், உடம்பில் சாய்வாக ஒரு துளை போட்டு அந்தத் துளையின் விளிம்பே வெட்டும் வகையை வாங்குங்கள். பாலாடைக்கட்டியில் ஓட்டை போட்டது மாதிரி இருக்கும். மெதுவாகத்தான் வெட்டும், ஆனால் திடீரென்று கடித்து இழுக்காது. மெல்லிய அலுமினியத்திலும் பித்தளையிலும் இதற்கு இணை இல்லை. கூர்மை போனால் தீட்டுவது மட்டும் கஷ்டம்.

ஒற்றை வெட்டு பிட்டும் அதிர்வு குறைவானதே. மூன்று வெட்டு பிட் நல்ல மெஷினில் வேகமாக வேலை முடிக்கும், ஆடுகிற மெஷினில் வரி போடும். கார்பைடு பிட்டைக் கை ட்ரில்லில் மாட்டாதீர்கள், ஓரம் உடைந்து சில்லாகப் போகும்.

பெரிய ட்ரில் பிட்டாலேயே வாயை விரித்துவிட்டால் என்ன? அதுவும் கூம்புதானே?

கூம்புதான், ஆனால் 118 பாகைக் கூம்பு. உங்கள் ஸ்க்ரூ 90. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ட்ரில் பிட்டின் திருகு வளைவு மெல்லிய தகட்டைத் திருகாணி மாதிரி மேலே இழுக்கும். ஒரு பெட்டிக்கு 1.5 மி.மீ. அலுமினிய முகப்புத் தகட்டில் எட்டுத் துளைகள். கவுண்ட்டர்சிங்க் பிட் கைக்கு எட்டவில்லை என்று 8 மி.மீ. ட்ரில் பிட்டை மாட்டினேன். ஆறு துளை அழகாக வந்தது. ஏழாவதில் பிட் கடித்தது, தகடு கிளாம்பை விட்டுக் கிளம்பி பிட்டின் மேல் ஏறியது, நான் பின்வாங்குவதற்குள் துளை 8 மி.மீ. ஆகி அதைச் சுற்றித் தகடு குடை மாதிரி வளைந்துவிட்டது. கவுண்ட்டர்சிங்க் பிட் மேசையின் அடுத்த இழுப்பறையில்தான் இருந்தது.

பின்பக்கப் பிசிறு எடுக்க மட்டும் பெரிய ட்ரில் பிட்டைப் பயன்படுத்துங்கள். அதுவும் மெஷினில் இல்லை, விரல்களால் பிடித்து இரண்டு சுற்று.

எல்லாத் துளைகளும் ஒரே ஆழத்தில் வர என்ன செய்வது?

பெஞ்ச் ட்ரில்லில் ஆழ நிறுத்தி இருக்கும். அதைப் பூட்டுங்கள், ஆனால் முதல் துளையை அதே தடிமன் உள்ள கழிவுத் துண்டில் போட்டுப் பாருங்கள். ஆழத்தில் 0.1 தவறினால் வாயில் 0.2 தவறும், வரிசையாக இருக்கும் ஸ்க்ரூக்களில் அது கண்ணில் குத்தும். தகட்டுக்குக் கீழே ஒரு தூள் மாட்டிக்கொண்டாலே இந்த அளவு மாறிவிடும். ஒவ்வொரு துளைக்கும் முன் கட்டையின் மேல் உள்ள தூளை பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

கை ட்ரில்லில் வேலை என்றால், விமான வேலைக்காரர்கள் பயன்படுத்தும் மைக்ரோஸ்டாப் என்ற கூண்டு இருக்கிறது. கூண்டின் அடி தகட்டின் மேல் உட்காரும், உள்ளே பிட் நாம் வைத்த ஆழத்துக்கு மேல் இறங்காது. பிட்டின் நுனியில் துளைக்குள் நுழையும் ஒரு வழிகாட்டித் தண்டும் இருக்கும். வளைந்த தகட்டின் மேல் வேலை செய்ய வேண்டியிருந்தால் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தகடு 0.8 மி.மீ. தான். ஆனால் எம்3 சிஎஸ்கே தான் வேண்டும். வழியே இல்லையா?

இருக்கிறது. வெட்டாதீர்கள், அழுத்துங்கள். இதை டிம்பிள் என்பார்கள். தகட்டில் உலோகத்தை எடுக்காமல், துளையைச் சுற்றித் தகட்டையே கூம்பாகக் குழிப்பது. விமானத்தின் மெல்லிய மேல்தகட்டில் ரிவெட்டுத் தலைகள் சமமாகப் படுத்திருக்கின்றனவே, அதில் பெரும்பாலும் இந்த வேலைதான். பலமும் வெட்டிய குழியைவிட அதிகம், ஏனென்றால் தடிமன் அப்படியே இருக்கிறது.

அச்சு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 6 மி.மீ. இரும்புக் கட்டையில் 3.2 துளை போட்டு, 90 பாகையில் வாயை வெட்டுங்கள். இந்த வாய் ஸ்க்ரூவின் 6.3 அல்ல. தகடும் நடுவில் வந்து உட்காரப் போகிறது, அதனால் தகட்டுத் தடிமனைப்போல் 0.8 மடங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 0.8 தகட்டுக்கு 6.3-உடன் 0.64 சேர்த்தால் ஏறக்குறைய 7 மி.மீ. இதைச் செய்யாவிட்டால் டிம்பிளின் ஓரம் மழுங்கலாக, சாஸர் மாதிரி வரும்.

மேல் அச்சாகக் கறுப்பு ஆலன் சாவி சிஎஸ்கே ஸ்க்ரூ ஒன்று போதும். மென்மையான ஸ்க்ரூவின் தலை நசுங்கும். அதன் தண்டை இரும்புக் கட்டையின் தடிமனைவிடக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வைஸ் இறுக்கும்போது தண்டு முட்டும். தகட்டில் துளையை 3.2 போடாமல் 3 மட்டும் போடுங்கள், அழுத்தும்போது அது தானாக விரியும். ஸ்க்ரூ, தகடு, கட்டை மூன்றையும் கோத்து வைஸில் வைத்து இறுக்குங்கள். கடைசியில் கைப்பிடி சட்டென்று கெட்டிப்படும், அங்கே நிறுத்துங்கள். எடுத்துப் பார்த்தால் குழியின் ஓரம் கோடு கிழித்தது மாதிரி இருக்கும்.

டிம்பிள் போட்டால் துளையைச் சுற்றி வெடிப்பு விடுகிறது.

பெரும்பாலும் பிசிறுதான் காரணம். துளையின் ஓரத்தில் நின்ற ஒவ்வொரு பிசிறும் ஒரு வெடிப்பின் தொடக்கம். அழுத்தும் முன் இரண்டு பக்கமும் ஓரத்தை வழவழவென்று எடுங்கள். இரண்டாவது காரணம் உலோகம். மென்மையான அலுமினியமும் சாதாரண இரும்புத் தகடும் விட்டுக்கொடுக்கும். 7075-டி6 மாதிரி கடினமான அலுமினியக் கலவை சூடேற்றாமல் மடங்காது. விமானத் தொழிலில் அதற்குச் சூடேற்றிய அச்சு வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதற்கு முயல வேண்டாம், ஸ்க்ரூ வகையை மாற்றுங்கள்.

தகட்டுக்குப் பின்னால் ஒரு பட்டையோ மரமோ இருக்கிறது. அதனால் ஏதாவது மாறுமா?

நிறைய மாறும். டிம்பிளின் பின்பக்கம் புடைத்திருக்கும், அது உட்காரப் பின்பட்டையிலும் குழி வேண்டும். அளவு மேலே சொன்ன அதே 7 மி.மீ. கணக்கு. வெட்டிய குழியாக இருந்து, தலையின் அடி தகட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்றால், பின்பட்டைத் துளையின் வாயையும் சற்று வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் தலை பின்பட்டையில் முட்டி நின்றுவிடும், ஸ்க்ரூ இறுகிவிட்டதாகத் தோன்றும், தகடு மட்டும் கடகடவென்று ஆடும். இந்தச் சத்தத்துக்குக் காரணம் தேடி நான் ஒரு பெட்டியை மூன்று முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன்.

மரத்தின் மேல் 0.5 அலுமினியம் மாதிரி மெல்லியது என்றால் தகட்டை வெட்டவே வேண்டாம். மரத்தில் மட்டும் குழி வெட்டி, ஸ்க்ரூவை முறுக்கினால் தலையே தகட்டை உள்ளே இழுத்து டிம்பிள் போட்டுக்கொள்ளும்.

நான்கு ஸ்க்ரூவில் மூன்று நன்றாக உட்காருகிறது. நான்காவது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

குழி அல்ல, துளையின் இடம்தான் பிசகியிருக்கிறது. சாதாரணத் தட்டைத் தலை ஸ்க்ரூ என்றால் துளைக்குள் கொஞ்சம் நகர்ந்து சமாளிக்கும். கூம்புத் தலை நகராது, குழியின் நடுவுக்கே போகும். கீழேயுள்ள மரைத் துளை 0.2 தள்ளியிருந்தாலும் தலை சாய்ந்துவிடும். அதனால் இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகவே துளை போடுங்கள். முதல் துளை போட்டதும் அதில் ஒரு போல்ட்டை மாட்டி, அப்புறம் மூலைக்கு மூலை போங்கள். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் மரைத் துளையை விரித்து, பின்னால் நகரக்கூடிய நட்டைப் போடுங்கள். மேலே குழியை ஒரு பக்கமாக விரித்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள், அது அசிங்கமாகத்தான் முடியும்.

ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குத் தனியாக ஏதாவது?

உரசக் கூடாது. ஸ்டெயின்லெஸ் உரச உரசக் கெட்டிப்படும், அப்புறம் பிட் வழுக்கும். மெதுவான வேகம், நல்ல அழுத்தம், நிறைய எண்ணெய், கூர்மையான கோபால்ட் பிட். ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

பவுடர் கோட்டிங் அடிக்கப் போகிறேன். குழியைக் கூடுதலாக வெட்ட வேண்டுமா?

நினைக்கும் அளவுக்கு வேண்டாம். பூச்சு 0.08 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 90 பாகைக் கூம்பில் தலை 0.11 மேலே வரும். ஆனால் தகட்டின் மேற்பரப்பும் 0.08 உயர்ந்திருக்கும். மிச்சம் 0.03 தான். துளை 0.16 சுருங்குவதுதான் உண்மையான தொந்தரவு, அதை முன்பே பெரிதாகப் போடுங்கள். குழிக்குள் பூச்சு இருந்தால் ஸ்க்ரூ முறுக்கும்போது வட்டமாக உரிந்து வரும். குழியைச் சிலிக்கான் அடைப்பானால் மூடி அடிக்கச் சொல்வது நல்லது. துத்தநாகம் பூசிய தகட்டில் வெட்டினால் குழிக்குள் வெறும் இரும்புதான் இருக்கும், துத்தநாக பெயிண்டைத் தொட்டுவிடுங்கள்.

கையுறை போட்டுக்கொள்ளலாமா? தகட்டு ஓரம் கையைக் கிழிக்கிறது.

தகட்டைத் தூக்கும்போது போடுங்கள், ட்ரில் சுற்றும்போது கழற்றுங்கள். கண்ணாடி எப்போதும். தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு ட்ரில் போடாதீர்கள், பிட் கடித்தால் அந்தத் தகடு மின்விசிறி இறக்கை மாதிரி சுற்றும்.

குழி ஆழமாகிவிட்டது. தகட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

அவசரப்பட வேண்டாம். எம்3 என்றால் எம்4-க்கு மாற இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். மெல்லிய தகட்டில் அது பெரும்பாலும் எடுபடாது, பெரிய தலைக்கு இன்னும் ஆழம் வேண்டும். அதைவிட, சிஎஸ்கே ஸ்க்ரூவுக்கென்றே வரும் கிண்ண வாஷரைப் போட்டுப் பாருங்கள். அது தகட்டின் மேலேயே உட்கார்ந்து, தலையைத் தன் கிண்ணத்தில் வாங்கிக்கொள்ளும், கெட்டுப்போன குழியையும் மூடிவிடும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் ஒட்டுப்போட்டது தெரியும், எல்லாத் துளைக்கும் போட்டால் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நினைத்திருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். என்னுடைய அந்த எட்டுத் துளை முகப்புத் தகட்டில் எட்டு பித்தளைக் கிண்ணங்கள் இருக்கின்றன. ஏழாவதற்கு அடியில் மட்டும் ஒரு பெரிய வாஷரும் இருக்கிறது.